ஒற்றைக்கல் சுவரும் ஒரு தூணும்

புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே மூன்று மைலில் கும்பெனிக் காலத்துச் செங்கல் வீடு ஒன்று இருக்கிறது, வெள்ளைக்காரத் துரை ஒருவர் நூல் கிடங்காகக் கட்டியது என்று என் சக ஆசிரியை ஒருத்தி வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பார்த்ததில்லை. அவளுக்குச் சொன்ன மாமாவும் பார்த்ததில்லை. நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் கற்பிப்பவள். பார்க்காதவர்கள் சொல்லும் பழமையை நம்புவது என் வழக்கமில்லை. யுத்தம் முடிந்த மறு வருஷம் சரஸ்வதி பூஜை விடுமுறையில், சேலத்தில் ஓர் உறவினர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அழுகை ஓய்ந்த பிறகு ஒரு நாள் மிச்சமிருந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட ஒரு பொய்யைச் சரிபார்ப்பது மேல் என்று தோன்றியது. கிளம்பிவிட்டேன்.

சேலத்திலிருந்து நாமக்கல் பஸ் காலை ஆறரைக்கு. புதுச்சத்திரம் இருபத்தைந்து மைல், கட்டணம் பன்னிரண்டணா. பெட்ரோல் இன்னும் தாராளமாகக் கிடைக்காததால் அந்தத் தடத்தில் கரிவாயு பஸ்தான் ஓடியது. பின்புறம் கட்டியிருந்த கரி அடுப்பு கால் மணி நேரம் புகைந்த பிறகே வண்டி நகர்ந்தது. மல்லூர் தாண்டி ஒரு மேட்டில் மூச்சு வாங்கி நின்றது. "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க" என்றார் கண்டக்டர்.

"பன்னெண்டணாவும் வாங்கிப்போட்டுத் தள்ளவும் சொல்றியாப்பா?" என்றார் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்.

"தள்ளாதவங்களுக்கும் அதே பன்னெண்டணாதானுங்க. உங்களுக்குத் தள்ளறது இனாம்."

பஸ்ஸே சிரித்தது. நானும் பெண்களும் உட்கார்ந்தபடியே மேடேறினோம். இரண்டு பக்கமும் நிலக்கடலைச் செடிகள் மழைக்குக் காத்து வாடியிருந்தன. கிழக்கே கொல்லிமலை இடுப்புவரை மேகத்துக்குள் இருந்தது. வானம் காலையிலிருந்தே சாம்பல் பூசிக்கொண்டிருந்தது. அன்று முழுவதும் அது வெளுக்கவுமில்லை, பெய்யவுமில்லை.

புதுச்சத்திரத்தில் இறங்கும்போது மணி எட்டேமுக்கால். புளியமரத்தடியில் ஒரே ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டிக்காரர் பெயர் முத்தான், நாற்பது வயதிருக்கும். போய், காத்திருந்து, திரும்ப ஒரு ரூபாய் என்றார். பேரம் பேசி முக்கால் ரூபாய்க்கு இறக்கினேன். (இப்போது நினைத்தால் அந்த நாலணாவைக் கொடுத்திருக்கலாம்.)

"செங்கல் ஊட்டுக்கா? பாக்கறதுக்குங்களா, வாங்கறதுக்குங்களா?"

"பார்க்க."

"பாக்கறதுக்குன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லீங்க டீச்சரம்மா. கோர்ட்டு அமீனா வருவாரு. வக்கீல் குமாஸ்தா வருவாரு. அவங்ககூட உள்ள போக மாட்டாங்க, வெளிய நின்னே பாத்துப்போட்டுப் போயிருவாங்க."

ஏன் என்று கேட்டதற்கு, "போனாத் தெரியுமுங்க" என்று மாட்டை முடுக்கினார்.

ஊரின் மற்ற வீடுகள் மண் சுவரும் ஓலைக் கூரையும். நடுவில் இந்த வீடு மட்டும் தட்டை மாடியோடு, சிவப்பாக, வடக்குப் பார்த்து நிற்கிறது. பூச்சு எப்போதோ உதிர்ந்துவிட்டதால் கல்லெல்லாம் வெளியே தெரிகிறது. இன்றைய செங்கல்லைவிட மெல்லியது, அகலம் கூடுதல். சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய வெளிச்சுவர்கள் ஒரு முழத்துக்கு மேல் கனம். மேலே மரச்சட்டங்களைப் பரப்பி, சின்னச் செங்கற்களைச் செங்குத்தாகச் செருகிக் காரை போட்ட ஒட்டுத்தளம். ஜன்னல் கம்பிகளைத் தடவிப் பார்த்தேன். கொல்லன் உலையில் அடித்த கம்பியல்ல, ஆலையில் உருட்டிய கம்பி, ஒரே கனமாக இருக்கிறது. அது சேலத்துக்கு ரயிலில்தான் வந்திருக்க வேண்டும்; ரயில் வந்ததோ கும்பெனி ஆட்சி முடிந்த பிறகு. ஆகவே கும்பெனித் துரையும் இல்லை, நூல் கிடங்கும் இல்லை. என் சக ஆசிரியைக்கு இது ஏமாற்றம். எனக்கு அந்த நிமிஷத்தில் கொஞ்சம் திருப்திதான்.

வாசலில்தான் முதல் விசித்திரம். அகலமான இரட்டைக் கதவு. நிலைக்கு நேர் நடுவில், உள்ளேயிருந்து ஒரு சுவர் வந்து முட்டி நிற்கிறது. ஒரு கதவைத் திறந்தால் கிழக்குப் பாதிக்குள் போகலாம், மற்றதைத் திறந்தால் மேற்குப் பாதிக்குள். எந்தப் பக்கமானாலும் உடம்பைத் திருப்பித்தான் நுழைய வேண்டும்.

கிழக்குக் கதவிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். செங்கோட்டன், முப்பத்தைந்து வயது விவசாயி, அந்தப் பாதியின் சொந்தக்காரர். நான் வழக்கு விஷயமாக வரவில்லை என்று தெரிந்ததும் முகம் தெளிந்து, வீட்டைப் பெருமையாகக் காட்டினார். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் கட்டுனதுங்க. தாது வருசப் பஞ்சத்துல. ஊரே செத்துக்கிட்டு இருக்கறப்போ சூளை போட்டுக் கல்லறுக்கச் சொல்லி, வந்தவங்களுக்கெல்லாம் கஞ்சி ஊத்தினாருங்களாம். இந்த ஊட்டுனால பொழச்ச உசுரு எத்தனையோ."

ஒரு கல்லைக் காட்டினார். மேல் முகத்தில் மூன்று விரல்களை இழுத்த பள்ளம். காரை பிடிப்பதற்காக ஈரக் கல்லில் விரலை இழுப்பது வழக்கம்தான். உதிர்ந்த இடங்களில் வேறு கற்களையும் பார்த்தேன். சில பள்ளங்கள் என் விரலுக்குப் பொருந்தின. பல கற்களில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. பெண்களின் விரலாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நான் நம்பவில்லை.

வீட்டின் பிற்காலம் சுருக்கமானது. கட்டியவருக்கு ஒரே மகன், அவருக்கும் ஒரே மகன். வீடு மூன்று தலைமுறை ஒரே கையில் இருந்தது. நான்காம் தலைமுறையில் இரண்டு சகோதரர்கள். மூத்தவர் செங்கோட்டனின் தகப்பனார். இளையவரின் மனைவி பாவாயி அம்மாள்தான் இன்று மேற்குப் பாதியில் தனியாக இருப்பவர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் பாகப்பிரிவினை நடந்தது. பிரித்து வைத்த ஊர்ப் பெரியவர்கள் மிகவும் நியாயமானவர்கள். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

கூடத்தின் நடுவே, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக, இரண்டு வேங்கை மரத் தூண்கள் நின்றன. அவற்றின் மேல் வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே உத்தரம். மாடித்தளத்தின் பாரம் முழுக்க அதன்மேல்தான். வீட்டைச் சரிபாதியாக அளந்தபோது கயிறு இரண்டு தூண்களின் மேலேயே போயிற்று. தூணைப் பாதியாகப் பிளக்க முடியாது. ஆகவே இரண்டையும் உருவி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்கள். உத்தரத்தைத் தாங்க, கயிறு போன வழியே சுவர் எழுப்பினார்கள். கனமான சுவரென்றால் இருவருக்கும் அரை முழம் தரை நஷ்டம். அதனால் ஒற்றைக் கல் கனத்தில், அஸ்திவாரம் தோண்டாமல், தரைமீதே, மண் சாந்தில் கட்டினார்கள். இரு தரப்புக்கும் பரம திருப்தி.

மேற்குக் கதவைத் திறந்து "வாங்க சாமி, பைய வாங்க, சுவத்துல தோள் படாம வாங்க" என்று என்னை உள்ளே கூப்பிட்டார் பாவாயி அம்மாள். அறுபது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை. உள்ளே ஒரு ஆடு கட்டியிருந்தது. கண் இருட்டுக்குப் பழகியதும் சுவரைப் பார்த்தேன். வடக்கு ஓரத்தில், ஆள் உயரத்துக்கு மேல், நிறைமாதக்காரி வயிறுபோல் எங்கள் பக்கம் பிதுங்கியிருந்தது. சுவரடி நெடுக உதிர்ந்த சிவப்பு மண் வரப்புப்போல் கிடந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தமாகப் பெருக்கி மெழுகியிருந்தது.

"இந்த மண்ணை ஏன் அள்ளவில்லை?"

"அது பொது மண்ணுங்க. அள்ளுனா சுவரு என்னுதுன்னு ஆயிருமுங்க. வக்கீல் தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு. அக்கட்டால இருக்கறவங்களுக்கும் அவங்க வக்கீல் அதையேதான் சொல்லியிருக்கறாரு."

சுவரும் வாசற்படியும் யாருக்கு என்பதுதான் வழக்கு. அவர் கணவர் காலத்தில் தொடங்கி நாமக்கல்லுக்கும் சேலத்துக்குமாக அலைந்துகொண்டிருக்கிறது. எது பொதுவோ அதைத் தொட்டவர் உரிமை கொண்டாடுகிறார் என்று மற்றவர் மனுப் போடுவார். எனவே வருஷக்கணக்காக இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தச் சுவர் சாய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பாவாயி அம்மாள் ஒரு ராத்திரிகூட வெளியே தங்குவதில்லை. தங்கினால் அனுபோகம் விட்டுப்போகுமாம். எருமப்பட்டியில் மகளுக்குப் பிரசவம் ஆனபோது விடியுமுன் வண்டி கட்டிப் போய், பேரப்பிள்ளையை மடியில் ஒரு நாழிகை வைத்திருந்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பியிருக்கிறார்.

"மகளோடு போய் இருந்துவிடலாமே" என்றேன்.

"இதொண்ணுதானுங்க அவளுக்குக் கொடுக்க எங்கிட்ட இருக்குது. நான் போயிட்டா நாளைக்கு அவ எதைப் புடிச்சுக்குவா?" என்றார். பிறகு மேலே பார்த்தார். "ஐப்பசி மழை தாங்காதுங்க சாமி. போன மழைக்கே ராத்திரி முச்சூடும் உத்தரம் மொனகுச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவர் எதையும் மறைக்காது. "ஏழெட்டு அம்பத்தி நாலு" என்றது ஒரு குரல். பாவாயி அம்மாள் ஆட்டைப் பார்த்து உரக்க, "ஏழெட்டு அம்பத்தி ஆறுடி, கழுதை" என்றார். பிறகு "ஏழெட்டு அம்பத்தி ஆறு" என்று வாய்ப்பாடு தொடர்ந்தது. சித்தி முறையான இவரும் செங்கோட்டனும் நேருக்கு நேர் பேசி எட்டு வருஷமாகிறதாம்.

பின்கட்டில் அவர் பங்குத் தூண் கிடந்தது. சாக்கு சுற்றி, எண்ணெய் தடவி வைத்திருந்தார். மேலே இரண்டு கோழிகள். அடியில் கரையான் ஏறாமல் கல் முட்டு. மரம் இன்னும் இரும்பாக இருந்தது. உத்தரத்தை அண்ணாந்து பார்த்தேன். ஒற்றைக்கல் சுவரைவிட அது அகலம், ஆகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. சுவரைத் தொடாமலே அந்த விளிம்புக்குக் கீழ் தூணை நிறுத்தலாம் என்றேன்.

"என்ற மரம் பொது உத்தரத்தைத் தாங்குனா, உத்தரமே என்னுதுன்னு நான் சொல்றதா கேஸ் போடுவானுங்க."

"போடத்தான் போடுவேன்!" என்றது சுவர். செங்கோட்டன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாவாயி அம்மாள் கோழிகளை விரட்டிவிட்டுத் தூணின்மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். மடித்ததைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரோ எவரோ. உங்களுக்கு இந்த ஊட்டுல ஒரு பாத்தியமும் இல்லீங்க. நீங்க இந்தத் தூணை வாங்கிக்குங்க சாமி. உங்க பொருளை எங்கூட்டுல நிறுத்தி வெச்சுட்டுப் போங்க."

அடுத்தவர் காரியத்தில் தலையிடாமல் ஐம்பது வயதை எட்டப்போகிறவள் நான். கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிற்பதுபோல் ஒரு காட்சி உடனே கண்முன் வந்தது. இது சட்டத்தில் நிற்காது, எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமியது. நெஞ்சைப் பிடித்து இழுக்கும் இருமல். "அவங்கம்மா நேத்தும் கசாயம் வெக்கல" என்று பாவாயி அம்மாள் ஆட்டிடம் சொன்னார்.

வாசலுக்குப் போனோம். அவர் ஒரு கதவில், செங்கோட்டன் மறு கதவில், இருவருக்கும் நடுவில் சுவரின் நுனி. நான் வெளியே நின்றேன். இருவரும் என்னைப் பார்த்தே பேசினார்கள்.

"டீச்சரம்மா, மரம் உங்களுதா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. ஆனா வாயால சொல்லோணும். சின்னம்மா மரம் இல்லை, உங்க மரம், வேணுங்கறப்ப வந்து எடுத்துக்குவேன்னு சொல்லோணும்."

ஒரு ரூபாயைப் பாவாயி அம்மாள் கையில் கொடுத்துவிட்டு, ஊரார் நாலைந்து பேர் கேட்க, அப்படியே சொன்னேன். வாழ்நாளில் நான் வாங்கிய முதல் அசையாச் சொத்து இதுதான் என்று நினைக்கிறேன். அசையாமல் இருந்தால்.

"உங்கள் தூணையும் கொடுங்கள்" என்று செங்கோட்டனிடம் கேட்டேன். "இரண்டு இருந்தால் பழையபடி இரண்டு இடத்திலும் நிறுத்தலாம்."

அவர் கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டே நின்றார். "அதை எங்க அய்யன் அறுத்துப் போட்டாருங்க. கெணத்துக் கவலைக்குக் கால் நட்டாச்சு. மாடு கட்டித் தண்ணி எறைக்கறதுங்க அது." கொஞ்சம் பொறுத்து, "இருந்தாக் கொடுத்திருப்பேனுங்க" என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். பிரயோஜனம் இல்லை.

ஒரு தூண், இரண்டு இடம். தெற்கே பழைய தூண் நின்ற இடத்துக்கு நேரே பாவாயி அம்மாளின் கட்டில் கிடந்தது. அங்கே நிறுத்துவதற்காகத்தான் அவர் விற்றிருப்பார். ஆனால் சுவர் பிதுங்கியிருந்தது வடக்கே. அதற்கு அந்தப் பக்கம் யார் படுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சொந்தக்காரி என்ற முறையில் எங்கே நிறுத்தச் சொல்வது என்று என்னைத்தான் கேட்டார்கள். நான் பாவாயி அம்மாளைப் பார்த்தேன்.

அவர் வடக்கு ஓரத்துக்குப் போய், பிதுங்கலுக்கு முன்னால் நின்று, சுவரைத் தொடாமல் காதை மட்டும் சாய்த்தார். "இங்கதான் மூணையும் வரிசையாப் படுக்க வெப்பாங்க. இருமறது கடைசி" என்றார். "இங்கயே நிறுத்துங்க."

"உங்கள் கட்டில்?"

"கட்டிலுக்கென்ன, காலா நட்டிருக்குது? இழுத்துப் போட்டுக்கறேன்." முத்தானைப் பார்த்து, "என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கற, புடி" என்றார்.

முத்தானும் கடலைக் காட்டிலிருந்து வந்த இரண்டு பேரும் தூணைத் தூக்கி நிறுத்தினார்கள். அடியில் ஒரு கருங்கல், தலையில் பிதுங்கலைத் தாண்டி உத்தர விளிம்பை எட்டும்படி குறுக்கே ஒரு போதிகைக் கட்டை, இடையில் ஆப்பு. செங்கோட்டனால் தொட முடியாது. ஆனால் சுவருக்கு அப்பாலிருந்து, "இன்னும் நூலளவு அக்கட்ட தள்ளு! ஆப்பை மெதுவா அடி!" என்று கத்திக்கொண்டே இருந்தார். "அந்த ஊட்டுக்காரரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க டீச்சரம்மா" என்றார் பாவாயி அம்மாள். கடைசி ஆப்பு இறங்கியபோது உத்தரம் ஒரு பெருமூச்சு விட்டது. மேலேயிருந்து தூசு கொட்டியது. எல்லோரும் மேலே பார்த்தோம். எதுவும் விழவில்லை.

பிறகு பரிசோதனை. தூண் சுவரைத் தொடவில்லை என்று செங்கோட்டனுக்கு நிச்சயப்பட வேண்டும். ஒரு தென்னை ஈர்க்கைக் கொடுத்தார். தன் கதவிலிருந்து கழுத்தை நீட்டி, முத்தான் அந்த ஈர்க்கைத் தூணுக்கும் சுவருக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஓட்டுவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். தடையில்லாமல் போயிற்று. "சரிங்க" என்றார். பாவாயி அம்மாள் கட்டிலை வடக்கே இழுத்து, தூணுக்கு ஒட்டினாற்போல் போட்டுக்கொண்டார். இனி அவர் தலைமாட்டுக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் நடுவே ஒற்றைக் கல் கனம்தான். தெற்கே உத்தரம் இன்னும் அந்தச் சுவரை நம்பித்தான் இருக்கிறது.

திரும்பும் வழியில் முத்தானிடம், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய கதை நிஜமா என்று கேட்டேன்.

"ஊத்தினாங்க. கல்லுச் சொமந்தவனுக்கு ஊத்தினாங்க" என்றார். "எங்க அப்பாரு, அய்யனைப் பெத்தவரு, சின்னப் பையனா அங்க கல்லறுத்திருக்காருங்க. காரையில வெல்லத்தண்ணி ஊத்துவாங்களாம். மேஸ்திரி அக்கட்ட திரும்புனா வெரல வெச்சு நக்கிக்குவாங்களாம். சுண்ணாம்புங்க அது. நாக்கு வெந்துருமுன்னு தெரிஞ்சும்."

இப்படி ஒரு வீட்டின் உரிமை வரலாற்றை எழுதும்போது கட்டியவர், மகன், பேரன், கொள்ளுப்பேரர்கள் என்று வரிசையாக எழுதுகிறோம். அன்றைக்கு அந்த வரிசையின் கடைசியில் என் பெயரும் சேர்ந்துவிட்டது. கல்லில் விரல் பதித்தவர்களின் பெயர் அதில் எங்கேயும் வரவில்லை. அவர்களில் ஒருவரின் பேரன்தான் அன்று தூணைத் தூக்கி நிறுத்தியவர். செங்கோட்டனோ பாவாயி அம்மாளோ அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏறுமுன் முத்தானிடம் ஒரு ரூபாய் கொடுத்தேன். நாலணாவைத் திருப்பித் தர அவர் மடியை அவிழ்த்தார். வேண்டாம் என்றேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். புதுச்சத்திரத்திலிருந்து சேலத்துக்குக் கடைசி பஸ் மாலை ஐந்தரை. அதைத் தவறவிட்டால் எட்டு மைல் தள்ளி நாமக்கல்லில் தங்க வேண்டும். ரேஷன் கெடுபிடியால் வழியில் சாப்பாடு கிடைப்பது நிச்சயமில்லை, கட்டிக்கொண்டு போவது நல்லது. ஊர்ப் பெயரை வழக்கு முடியாததால் எழுதவில்லை. வண்டிக்காரரிடம் செங்கல் ஊடு என்றால் போதும், ஒரு ரூபாய் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மேற்குக் கதவில் அனுமதி கேட்டு, ஒருக்களித்து நுழையுங்கள். கூடத்தின் தெற்குப் பக்கம் நிற்க வேண்டாம்.

வடக்கே நிற்கும் வேங்கைத் தூண் என்னுடையது. போகும்போது ஒரு தென்னை ஈர்க்கு எடுத்துப் போங்கள். தூணுக்கும் சுவருக்கும் நடுவே அதை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பாருங்கள். எங்காவது தடுத்தால் சுவர் சாய்ந்து வந்து தூணைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது வக்கீல்கள் சொன்னதை யோசிக்காமல் படுக்கைகளை எடுக்கச் சொல்லுங்கள். சுவருக்கு இரண்டு பக்கமும் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள்.